அலியும் ஸஹ்ராவும் ஒரு சோடி சப்பாத்தும்

வேலைக்குப் போய் வந்து, அடுப்பை மூட்டி, பாத்திரம் கழுவி, நாளைக்கான சீருடையைத் தோய்த்துப் போடும் வரைக்கும் சின்னப் பிள்ளை அழாமல் இருக்க வேண்டும். அதற்காகத்தான் எங்களில் பலர் கைத்தொலைபேசியைப் பிள்ளையின் கையில் கொடுத்து விடுகின்றோம். பிள்ளை ஒரு மூலையில், தாய் இன்னொரு மூலையில். அதில் என்ன ஓடுகிறது என்று பார்க்க நேரம் கிடைப்பதில்லை. இதை நான் குறையாகச் சொல்லவில்லை. தனி ஆளாகக் குடும்பத்தைத் தாங்கும் பெண்ணுக்கு அந்த ஒரு மணித்தியாலம் மிகவும் தேவையானது.

ஆனாலும் எப்போதாவது ஒரு நாள், தாயும் பிள்ளையும் ஒரே பாயில் இருந்து ஒரு நல்ல படத்தைச் சேர்ந்து பார்த்தால் என்ன நடக்கும்? அதைப் பற்றித்தான் இங்கு எழுத விரும்புகின்றேன். பொதுவாக அல்ல, ஒரே ஒரு படத்தை வைத்துக்கொண்டு. அந்தப் படத்தை என் ஆறு வயதுப் பெறாமகளுடனும், பின்னர் நான் பணியாற்றும் பகுதியில் சில தாய்மாருடனும் அவர்களின் பிள்ளைகளுடனும் பார்த்திருக்கின்றேன். ஒவ்வொரு தடவையும் படம் முடிந்த பின்னர்தான் உண்மையான கதை தொடங்கியது.

படத்தின் கதை

ஈரான் நாட்டு இயக்குநர் மஜீத் மஜீதி 1997 இல் எடுத்த படம் அது. உலகெங்கும் ‘சில்ட்ரன் ஒஃப் ஹெவன்’ என்ற ஆங்கிலப் பெயரில் அறியப்பட்டது. தமிழில் ‘சொர்க்கத்தின் பிள்ளைகள்’ எனலாம். சிறுவர்களுக்கான நூல்களையும் படங்களையும் உருவாக்குவதற்கென ஈரானில் 1965 இல் அமைக்கப்பட்ட ஒரு நிறுவனமே இதைத் தயாரித்தது. 1999 இல் நடைபெற்ற ஒஸ்கார் விருது விழாவில் சிறந்த பிறமொழிப் படத்துக்கான பரிந்துரையில் இது இடம்பெற்றது. அவ்வாறு பரிந்துரைக்கப்பட்ட முதல் ஈரானியப் படம் இதுவே. 2022 இல் ‘அக்கா குருவி’ என்ற பெயரில் தமிழ்நாட்டிலும் இக்கதை மீண்டும் படமாக்கப்பட்டது.

கதை மிகவும் சிறியது. தெஹ்ரான் நகரின் ஓர் ஏழைக் குடியிருப்பு. ஒன்பது வயது அலி, தங்கை ஸஹ்ராவின் பழைய சப்பாத்தைத் தைப்பித்துக்கொண்டு வருகின்றான். வழியில் உருளைக்கிழங்கு வாங்கக் கடையில் நிற்கும்போது, குப்பை சேகரிக்கும் கண் தெரியாத மனிதர் ஒருவர் அதைக் குப்பை என்று நினைத்து எடுத்துச் சென்று விடுகின்றார். வீட்டிலோ பல மாத வாடகை பாக்கி. வீட்டுக்காரர் வந்து வாசலில் சத்தம் போடுகின்றார். தாய்க்குச் சுகமில்லை, கைக்குழந்தை வேறு. தந்தை ஓர் அலுவலகத்தில் தேநீர் கொடுக்கும் வேலை செய்பவர்.

சப்பாத்துத் தொலைந்ததை அப்பாவிடம் சொல்ல வேண்டாம் என்று அலி தங்கையைக் கெஞ்சுகின்றான். சொன்னால் அடி விழும் என்ற பயம் ஒரு பக்கம். அதைவிட, அப்பாவிடம் வாங்கித்தரக் காசு இல்லை என்பது அவனுக்குத் தெரியும். தாயும் தந்தையும் அருகில் இருக்கும்போதே, வீட்டுப்பாடம் செய்வது போலக் கொப்பியில் எழுதி எழுதி இருவரும் இந்த விடயத்தைப் பேசி முடிக்கின்றார்கள். முடிவு இதுதான்: ஸஹ்ராவுக்குக் காலைப் பாடசாலை, அலிக்குப் பின்னேரப் பாடசாலை. ஆகவே அலியின் ஒரே சோடி சப்பாத்தை இருவரும் மாறி மாறிப் போட்டுக்கொள்வது.

அதன் பிறகு படம் முழுவதும் ஓட்டம்தான். பாடசாலை விட்டதும் ஸஹ்ரா ஓடி வருவாள். ஒழுங்கையில் காத்து நிற்கும் அலி சப்பாத்தை வாங்கிப் போட்டுக்கொண்டு ஓடுவான். அவன் பிந்தியே போவான்; அதிபரிடம் பேச்சு வாங்குவான். அவளுக்கு அந்தச் சப்பாத்துப் பெரிது. ஓடும்போது காலை விட்டுக் கழன்று வாய்க்காலில் விழுந்து நீரோடு போகும்.

இவ்வளவுதான் கதை. வெடிச் சத்தம் இல்லை, பேய் இல்லை, அடிதடி இல்லை. ஆனாலும் ஆறு வயதுப் பிள்ளை கண்ணை எடுக்காமல் பார்க்கும். ஏனென்றால், அது அந்தப் பிள்ளைக்குத் தெரிந்த உலகம்.

பாசை தெரியாத படத்தை எப்படிப் பார்ப்பது?

படம் பாரசீக மொழியில் உள்ளது. ஆங்கில எழுத்துகள் கீழே ஓடும். “எங்களுக்கே விளங்காதே, பிள்ளைக்கு எப்படி விளங்கும்?” என்று தாய்மார் கேட்டார்கள். என் அனுபவத்தில் இது குறையல்ல, நல்லதே. கதையை முன்னரே தெரிந்து வைத்துக்கொண்டு, பக்கத்தில் இருந்து தாய் தன் வாயால் சொல்ல வேண்டியிருக்கிறது. அம்மம்மா கதை சொல்வது போல. பிள்ளையைத் தனியே படத்தோடு விட்டுவிட்டு எழுந்து போக முடியாது. மேலே எழுதிய கதைச் சுருக்கமே இதற்குப் போதுமானது.

படம் ஏறக்குறைய ஒன்றரை மணித்தியாலம். சின்னப் பிள்ளைக்கு அது அதிகம். நானும் என் பெறாமகளும் மூன்று பின்னேரங்களாகப் பிரித்துத்தான் பார்த்தோம். முதல் நாள் சப்பாத்து மாற்றும் ஏற்பாடு வரை. இரண்டாம் நாள் தந்தையும் மகனும் தோட்ட வேலை தேடிப் பணக்காரர் வாழும் பகுதிக்குச் சைக்கிளில் போவது வரை. மூன்றாம் நாள் ஓட்டப்போட்டியும் முடிவும். இடையில் நிறுத்தி வைத்ததால், அடுத்த நாள் முழுவதும் பிள்ளை அதையே யோசித்துக்கொண்டிருந்தது. “சித்தி, மழை வந்தால் அவை என்ன செய்வினம்?” என்று சாப்பிடும்போது கேட்டாள்.

தெரியாத பழக்கவழக்கங்களையும் எங்கள் வீட்டை வைத்தே விளக்கலாம். படத்தில் அலியின் தந்தை பெரிய சீனிக் கட்டிகளை உடைத்துக்கொண்டு இருப்பார். அது பள்ளிவாசலுக்குரிய சீனி. அந்த நேரம் ஸஹ்ரா தேநீர் கொண்டுவந்து கொடுக்க, குடிப்பதற்குச் சீனி கேட்பார். இவ்வளவு சீனி முன்னால் இருக்கிறதே என்று மகள் வியப்பாள். அது எங்களை நம்பித் தந்தது, எங்களுடையது அல்ல என்பார் தந்தை. பனங்கட்டியைக் கடித்துக்கொண்டு வெறும் தேத்தண்ணி குடிக்கும் எங்கள் அப்பப்பாவை நினைவூட்டியதும் பெறாமகளுக்கு அந்தக் காட்சி உடனே விளங்கி விட்டது. “கோயில் சீனி, அதுதான் எடுக்கேல்ல” என்று அவளே சொன்னாள். நேர்மை என்ற சொல்லை நான் உச்சரிக்க வேண்டிய தேவையே வரவில்லை.

காலைப் பாடசாலை, பின்னேரப் பாடசாலை என்பதும் எங்களுக்குப் புதிதல்ல. இடம்பெயர்ந்த காலங்களில் ஒரே கட்டடத்தில் காலையில் ஊர்ப் பாடசாலையும், பின்னேரத்தில் இடம்பெயர்ந்து வந்த பாடசாலையும் நடந்ததை இப்போது தாய்மாராக இருப்பவர்கள் பலர் அறிவார்கள். வாய்க்காலில் செருப்பை விட்டுவிட்டு அழுதுகொண்டு ஓடிய அனுபவம் இரணைமடுத் தண்ணீர் பாயும் ஊர்களில் வளர்ந்த பலருக்கு இருக்கும்.

“அவன் ஏன் அப்பாட்டச் சொல்லேல்ல?”

இந்தக் கேள்வியைப் பெறாமகள் முதல் நாளே கேட்டாள். நான் பதில் சொல்லாமல், “நீ என்ன நினைக்கிறாய்?” என்று திருப்பிக் கேட்டேன். கொஞ்ச நேரம் யோசித்து, “அப்பா பாவம் எண்டு” என்றாள். பிறகு, “அம்மாவும் பாவம் எண்டுதான் நானும் கேக்கிறேல்ல” என்றாள்.

என்ன கேட்பதில்லை என்று நான் வற்புறுத்தி விசாரிக்கவில்லை. அடுத்த நாள் அவளாகவே சொன்னாள். முன்பள்ளியில் இருந்து சுற்றுலா போனபோது அவள் போகவில்லை. காய்ச்சல் என்றுதான் தாய் நினைத்திருந்தார். காய்ச்சல் இல்லை, காசு கட்டச் சொன்ன துண்டைப் பிள்ளை தாயிடம் கொடுக்கவே இல்லை. அப்போது அவளுக்கு ஐந்து வயது.

ஐந்து வயதுப் பிள்ளைக்கு வீட்டுக் கணக்குத் தெரியும் என்பதை நாங்கள் நம்புவதில்லை. பிள்ளைக்கு என்ன தெரியும் என்று நினைத்துக்கொண்டு, பிள்ளைக்கு முன்னாலேயே நுண்கடன் தவணையைப் பற்றிக் கதைக்கின்றோம். கடைக் கொப்பியில் ஏறிய கணக்கைச் சொல்லிப் பெருமூச்சு விடுகின்றோம். கடன் அறவிட வருபவரின் மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டதும் கதவைச் சாத்துகின்றோம். படத்தில் வீட்டுக்காரர் வாசலில் சத்தம் போடும் காட்சியில் பல பிள்ளைகள் தங்கள் தாயின் முகத்தைத் திரும்பிப் பார்ப்பதை நான் கவனித்திருக்கின்றேன்.

சமூகவியல் படித்த காலத்தில் சமூகமயமாக்கல் என்றொரு பாடம் இருந்தது. பிள்ளை தன் குடும்பத்தின் வழக்கங்களை எவ்வாறு கற்றுக்கொள்கிறது என்பதே அது. எதைச் செய்ய வேண்டும் என்பதை மட்டுமல்ல, எதைக் கேட்கக் கூடாது என்பதையும் பிள்ளை வீட்டிலேயே கற்றுக்கொள்கிறது. அதை யாரும் வாயால் சொல்லிக் கொடுப்பதில்லை. முகத்தைப் பார்த்தே பிள்ளை படித்து விடுகிறது.

மட்டை வைத்த சப்பாத்து

கிளிநொச்சி மாவட்டத்தின் ஒரு கிராமத்தில், மாதர் கிராம அபிவிருத்திச் சங்கக் கட்டடத்தில் பதினொரு தாய்மாரும் பிள்ளைகளும் இப்படத்தைப் பார்த்தார்கள். மடிகணினியில் போட்டு, வெள்ளைச் சேலை ஒன்றைச் சுவரில் கட்டிப் பெரிதாக்கிக் காட்டினோம். பெயரும் ஊரும் குறிப்பிடாமல் எழுதுவதற்கு அந்தத் தாய்மார் சம்மதித்தார்கள்.

இரண்டு நாட்களின் பின்னர் ஒரு தாய் என்னைத் தேடி வந்தார். நாட்கூலிக்குப் போகின்றவர். கணவர் பிரிந்து போய் நான்கு வருடங்கள். இரண்டாம் வகுப்புப் படிக்கும் மகள் படம் பார்த்த அன்று இரவு படுத்திருந்தபடியே, “அம்மா, என்ர சப்பாத்தும் ஓட்டை” என்று சொல்லியிருக்கின்றாள். விளக்கைப் போட்டுப் பார்த்தால், அடி தேய்ந்த இடத்தில் கொப்பி மட்டையை வெட்டி உள்ளே வைத்திருக்கின்றாள்.

“மூண்டு கிழமையாய் மட்டை வைச்சுக்கொண்டு போயிருக்கிறாள் மிஸ். ஒவ்வொரு நாளும் அந்தச் சப்பாத்துக்கு வெள்ளை அடிக்கிறது நான்தான். நான் காணேல்ல. அவள் காட்டவுமில்லை.”

அந்தத் தாய் அழவில்லை. கோபத்தோடு சொன்னார். யாரில் கோபம் என்று அவருக்கே தெரியவில்லை. பாடசாலைச் சீருடைத் துணி அரசாங்கத்தால் இலவசமாகக் கிடைக்கிறது. சப்பாத்தைப் பல தாய்மார் தங்கள் காசில்தான் வாங்குகின்றார்கள். 2022 ஆம் ஆண்டுப் பொருளாதார நெருக்கடியின் பின்னர் கூலிக்கும் சப்பாத்தின் விலைக்கும் இடையே உள்ள தூரம் எல்லோருக்கும் தெரிந்ததே. பிள்ளைக்கும் தெரிந்திருக்கிறது.

அன்றே புதுச் சப்பாத்து வாங்க அவரால் முடியவில்லை. ஆனால் அவர் ஒன்று செய்தார். மகளைக் கூட்டிக்கொண்டு சந்தியில் சப்பாத்துத் தைப்பவரிடம் போய் அடி போட்டார். சீட்டு எடுக்கும் மாதம் புதுச் சப்பாத்து என்று பிள்ளைக்குச் சொல்லி, நாட்காட்டியில் அந்த நாளைச் சுற்றிக் காட்டினார். “இப்ப அவள் ஒவ்வொரு நாளும் கலண்டரைப் பாக்கிறாள். முந்தி என்ர முகத்தைப் பாத்தவள்” என்றார்.

அலியை உதாரணம் காட்டாதீர்கள்

இப்படத்தைப் பார்த்ததும் பல தாய்மாரின் வாயில் இயல்பாக வரும் சொல் ஒன்று உண்டு. “பார், அலி எவ்வளவு நல்ல பிள்ளை. ஒன்றும் கேட்டு அரியண்டம் செய்யவில்லை. நீயும் இருக்கிறியே!”

இதைத் தயவுசெய்து சொல்லாதீர்கள். இந்தப் படத்தைப் பிள்ளையோடு பார்க்கும் தாய்மாரிடம் நான் முக்கியமாகக் கேட்டுக்கொள்வது இது ஒன்றைத்தான். அவ்வாறு சொன்னால், கேட்காமல் இருப்பதே நல்ல பிள்ளைக்கு அழகு என்று பிள்ளை விளங்கிக்கொள்ளும். அடுத்த தடவை சப்பாத்து ஓட்டையானால் மட்டுமல்ல, வயிற்று வலி வந்தாலும் சொல்லாது. வழியில் யாராவது தொந்தரவு செய்தாலும் சொல்லாது. “அம்மா பாவம்” என்று மறைக்கப் பழகிய பிள்ளை எதையும் மறைக்கும். எங்கள் வேலையில் நாங்கள் அடிக்கடி காணும் ஆபத்து இதுதான். சிறுவர் துஷ்பிரயோகம் பற்றிய விழிப்புணர்வுக் கூட்டங்களில் “அம்மாவிடம் சொல்ல வேண்டும்” என்று பிள்ளைகளுக்குப் படிப்பிக்கின்றோம். ஆனால் சின்ன விடயங்களைச் சொல்லாத பிள்ளையைத்தான் நல்ல பிள்ளை என்று புகழ்கின்றோம். இரண்டும் பொருந்தாது.

படத்தில் அலியின் தந்தையும் இதையே செய்கின்றார். உனக்கு ஒன்பது வயது, நீ இனிச் சின்னப் பிள்ளை இல்லை, வீட்டுக்கு உதவ வேண்டும் என்று மகனைக் கண்டிக்கின்றார். அவர் கெட்டவர் அல்ல. களைத்துப்போன மனிதர். எங்கள் வீடுகளிலும் மூத்த பிள்ளைக்கு, அதிலும் பெண் பிள்ளைக்கு, இந்தப் பேச்சு இன்னும் நேரத்தோடு வந்து விடுகிறது.

ஸஹ்ராவையும் கவனிக்க வேண்டும். தொலைத்தவன் அண்ணன், கஷ்டப்படுபவள் தங்கை. கால் அளவுக்கு மிஞ்சிய ஆண் பிள்ளையின் சப்பாத்தை, அதுவும் அழுக்கான ஒன்றை, எல்லோரும் பார்க்கப் போட்டுக்கொண்டு நிற்க அவளுக்கு வெட்கம். அதை அவள் அண்ணனிடம் கோபமாகவே சொல்லி விடுகின்றாள். அதன் பிறகு இருவரும் முற்றத்தில் இருந்து சவர்க்காரம் போட்டுச் சப்பாத்தைக் கழுவி, நுரையில் குமிழி ஊதி விளையாடுகின்றார்கள். எந்தப் பிள்ளையும் சிரிக்கும் காட்சி அது. கோபத்தைச் சொன்னதால்தான் அந்தச் சிரிப்பு வந்தது என்பதை நாங்கள் கவனிக்க வேண்டும்.

அவளுடைய தொலைந்த சப்பாத்தை ஒரு நாள் பாடசாலையில் இன்னொரு சிறுமியின் காலில் ஸஹ்ரா காண்கின்றாள். அண்ணனைக் கூட்டிக்கொண்டு அந்தச் சிறுமியின் வீடு வரை பின்தொடர்ந்து போகின்றாள். அங்கே கண் தெரியாத தந்தையைக் கண்டதும் இருவரும் ஒன்றும் கேட்காமல் திரும்பி விடுகின்றார்கள். இந்த இடத்தில் படத்தை நிறுத்தி, “நீயென்றால் என்ன செய்வாய்?” என்று பிள்ளையைக் கேளுங்கள். ஒரு பிள்ளை “நானும் விட்டிட்டு வருவன்” என்றது. இன்னொரு பிள்ளை “அது என்ர சப்பாத்து, நான் கேட்டு வாங்குவன்” என்றது. இரண்டுக்கும் தலையாட்டுங்கள். தன்னுடையதைக் கேட்பது பிழை என்று ஏழைப் பிள்ளைக்குப் படிப்பிக்க வேண்டியதில்லை.

தாயின் கதை

அந்தச் சங்கக் கட்டடத்தில் நான் எதிர்பார்க்காத ஒன்றும் நடந்தது. படம் பார்த்த தாய்மாரில் பலர் முப்பது வயதை ஒட்டியவர்கள். 2009 இல் அவர்களே சிறுமிகள். வன்னியில் இருந்து நடந்து, செட்டிக்குளம் மெனிக்பாம் முகாமில் தறப்பாளுக்குக் கீழே இருந்தவர்கள். 2012 இல் அந்த முகாம் மூடப்படுவதற்கு முன்னர், வெவ்வேறு காலங்களில் ஊர் திரும்பியவர்கள். அலியையும் ஸஹ்ராவையும் அவர்கள் தங்கள் பிள்ளைகளாகப் பார்க்கவில்லை, தங்களையே பார்த்தார்கள்.

ஒரு தாய், ஏழு வயது மகளை மடியில் வைத்துக்கொண்டு பார்த்தவர், சப்பாத்து மாற்றும் காட்சியில் தன்பாட்டில் சொன்னார்: “எங்களுக்கு ஒரு சோடி பாட்டா. அண்ணா எனக்குத் தந்திட்டு வெறுங்காலோட நடந்தவர்.” மகள் திரும்பி, “எந்த அண்ணா?” என்று கேட்டாள். தனக்கு ஒரு மாமா இருந்ததே பிள்ளைக்குத் தெரியாது. வீட்டில் படம் மாட்டவில்லை. அம்மம்மா அழுவார் என்று பெயரே சொல்வதில்லை.

அன்றிரவு அந்தத் தாய் மகளுக்குச் சொன்னது நாலைந்து வசனம்தான். எனக்கு ஓர் அண்ணா இருந்தவர். நல்லாப் பகிடி விடுவார். சண்டை முடிந்த நேரம் அவரைக் கூட்டிக்கொண்டு போனவை. எங்கே என்று எங்களுக்கு இன்னும் தெரியாது. அம்மம்மா அவரைத் தேடித்தான் கிளிநொச்சிக்குப் போறவ. காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவினர்கள் 2017 பெப்ரவரியில் கிளிநொச்சியில் தொடங்கிய போராட்டத்தில் அந்த அம்மம்மாவும் ஒருவர். அவர் ஏன் படத்தைக் கையில் பிடித்துக்கொண்டு பஸ் ஏறுகின்றார் என்பது பேத்திக்கு முதன்முதலாக விளங்கியது.

பிள்ளை என்ன செய்தாள் தெரியுமா? அடுத்த நாள் காலை அம்மம்மாவின் செருப்பை எடுத்துத் துடைத்து வாசலில் வைத்தாளாம்.

எல்லாத் தாய்மாரும் இப்படிச் சொல்ல வேண்டும் என்று நான் கூறவில்லை. சிலருக்கு இன்னும் காலம் எடுக்கும். சொல்வதானால், பிள்ளை தாங்கும் அளவுக்கு, சுருக்கமாக, உண்மையாகச் சொல்வதே நல்லது. செல்லையும் இரத்தத்தையும் ஏழு வயதுப் பிள்ளைக்கு விவரிக்க வேண்டியதில்லை. தெரியாததைத் தெரியாது என்று சொல்லலாம். “வெளிநாட்டில் இருக்கிறார், வருவார்” என்று பொய் சொல்லத் தேவையில்லை. சொல்லும்போது அழுகை வந்தால் அழலாம். ஆனால் பிள்ளை உங்களைத் தேற்றும் நிலைக்கு விட்டுவிடாமல், “அம்மா அழுதிட்டு இப்ப சரி” என்று சொல்லி முடியுங்கள்.

பார்க்கும் முன்னர் சில குறிப்புகள்

பிள்ளைக்கு ஆறு வயதாவது ஆகியிருந்தால் நல்லது. பகலில் அல்லது பின்னேரத்தில் பாருங்கள். நித்திரைக்கு முன்னர் வேண்டாம்.

பயம் தரக்கூடிய இடங்கள் மூன்று உள்ளன. வீட்டுக்காரர் சத்தம் போடுவது, அதிபர் அலியைக் கண்டிப்பது, தந்தையும் மகனும் வரும் சைக்கிளின் பிரேக் அறுந்து விபத்து நடப்பது. “இப்ப சைக்கிள் விழப் போகுது, ஆனால் இரண்டு பேரும் தப்பிடுவினம்” என்று முன்கூட்டியே சொல்லி விடுங்கள். கதை கெட்டுப் போகாது. பிள்ளை உங்கள் கையைப் பிடித்துக்கொண்டு பார்க்கும்.

படம் முடிந்ததும் “இதிலிருந்து என்ன படிச்சாய்?” என்று பரீட்சை வைக்க வேண்டாம். “உனக்கு எந்த இடம் பிடிச்சது?” என்று கேட்டாலே போதும். பதில் உடனே வராவிட்டால் விட்டுவிடுங்கள். இரண்டு மூன்று நாட்களில், தலை இழுத்துக் கட்டும்போதோ கிணற்றடியிலோ அது தானாக வரும். வரும்போது கையில் உள்ள வேலையை நிறுத்தாமல், ஆனால் காதைக் கொடுத்துக் கேளுங்கள். “ஏன் இவ்வளவு நாளும் சொல்லேல்ல?” என்று ஏசினால் அந்தக் கதவு மூடிவிடும்.

பிள்ளை சொல்வது உங்களால் கையாள முடியாததாக இருந்தால், அல்லது பிள்ளை பல நாட்கள் நித்திரை குழம்பிப் பயந்துகொண்டிருந்தால், உதவி கேட்கலாம். பாடசாலையின் ஆலோசனை வழிகாட்டல் ஆசிரியர், பிரதேச செயலகத்தில் உள்ள சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தர், உளவளத்துணை உத்தியோகத்தர் ஆகியோர் இதற்கென்றே இருக்கின்றார்கள். சிறுவர் பாதுகாப்புத் தொடர்பாக 1929 என்ற இலக்கத்துக்கு அழைக்கலாம்.

சைக்கிளில் வரும் சப்பாத்து

படத்தின் முடிவைப் பற்றியும் சொல்ல வேண்டும். பாடசாலைகளுக்கு இடையிலான ஓட்டப்போட்டியில் மூன்றாம் பரிசாக ஒரு சோடி சப்பாத்துக் கிடைக்கும் என்று அறிந்து அலி ஓடுகின்றான். விழுந்து, எழும்பி, உயிரைக் கொடுத்து ஓடியதில் தவறுதலாக முதலாவதாக வந்து விடுகின்றான். எல்லோரும் அவனைத் தூக்கிக் கொண்டாட, அவன் அழுகின்றான். வீட்டுக்கு வந்தால் தங்கை எதிர்பார்த்து நிற்கின்றாள். அவனுடைய முகத்தைப் பார்த்ததும் அவளுக்கு விளங்கி விடுகிறது. கொப்புளம் போட்ட கால்களை அவன் முற்றத்துத் தொட்டியில் வைக்க, சின்ன மீன்கள் வந்து சுற்றிக்கொள்கின்றன. அத்தோடு படம் முடிகின்றது.

சின்னப் பிள்ளைகள் இங்கே அழுவார்கள். “சப்பாத்துக் கிடைக்கேல்லயா?” என்பார்கள். அவர்கள் தவறவிடும் ஒரு சிறிய காட்சி இதற்குச் சற்று முன்னால் இருக்கிறது. தந்தை வீட்டுக்கு வரும் சைக்கிளில் இரண்டு சோடி புதுச் சப்பாத்துகள் இருக்கும். ஒரு கணம்தான் காட்டுவார்கள். பின்னுக்குப் போட்டு அதைப் பிள்ளைக்குக் காட்டுங்கள். என் பெறாமகள் அதை மூன்று தரம் பார்த்தாள். பிறகு கேட்டாள்: “அப்பா வாங்கிட்டு வாறார் எண்டு அவைக்கு ஏன் ஒருத்தரும் சொல்லேல்ல?”

நல்ல கேள்வி. அந்த வீட்டில் எல்லோரும் ஒருவரில் ஒருவர் அன்பு வைத்திருக்கின்றார்கள். அந்த அன்பினாலேயே எல்லோரும் மறைக்கின்றார்கள். பிள்ளைகள் தங்கள் தேவையைத் தந்தைக்கு மறைக்கின்றார்கள். தந்தை தான் எடுக்கும் முயற்சியைப் பிள்ளைகளுக்குச் சொல்வதில்லை. சப்பாத்து வந்துகொண்டிருக்கும் நேரத்திலேயே பிள்ளைகள் முற்றத்தில் அழுதுகொண்டிருக்கின்றார்கள்.

எங்கள் வீடுகளில் சைக்கிளில் சப்பாத்துக் கொண்டுவர எல்லோருக்கும் தந்தை இல்லை. கொண்டு வருகிறவள் தாய்தான். வெயிலில் வெங்காயம் நட்டு, ஆடைத் தொழிற்சாலை பஸ்ஸில் இருட்டோடு ஏறி, கோழி வளர்த்து, சீட்டுக் கட்டி, அவள் ஏதோ ஒரு விதத்தில் அதைக் கொண்டுவந்து கொண்டுதான் இருக்கின்றாள். அதைப் பிள்ளையிடம் சொல்லுங்கள். “இந்த மாதம் ஏலாது. அடுத்த மாதம் பாப்பம். ஆனால் என்ன தேவை எண்டாலும் எனக்குச் சொல்ல வேணும். வாங்குறதா இல்லையா எண்டு யோசிக்கிறது அம்மாவின்ர வேலை, உன்ர வேலை இல்லை.” இந்த மூன்று நான்கு வசனங்களுக்குக் காசு தேவையில்லை. பிள்ளையின் தோளில் இருந்து இறக்க வேண்டிய சுமையை அவை இறக்கி வைக்கும்.